மைனாவுக்குக் கிடைத்த பத்து நாள்

பெரியப்பா,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், நடந்தபடியே எழுதப் போகிறேன். இறந்துபோனவர்களைப் பற்றி அப்படி எழுதக் கூடாது என்று அம்மா சொல்வார். நீங்கள் இருந்தபோது எதையும் சொல்ல முடியவில்லை. போன பிறகும் கூடாது என்றால், உண்மையைச் சொல்வதற்கென்று ஒரு நாள் தனியாக வருமா?

இன்று மத்தியானம் விடுதிக்கு அப்பாவிடமிருந்து தபால் வந்தது. உறைக்குள் கடிதம் இல்லை. நாலாக மடித்த ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும் இருந்தது. உங்களுடைய முப்பத்தோராம் நாளுக்காக அச்சடித்துத் தேயிலைத் தோட்டம் முழுக்கக் கொடுத்திருக்கிறார்கள். விரித்ததும் அச்சு மையின் வாசம் அடித்தது. நடுவில் உங்கள் படம்: கோட்டு, கழுத்தில் மாலை, கூட்டத்தைப் பார்க்கிற அதே பார்வை. கீழே புகழ் வரிகள். 'தொழிலாளரின் தோழரே' என்று ஒன்று. 'பெண்களின் துயர் துடைத்தவரே' என்று ஒன்று. இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டேன். அடுத்த வரி 'வாயில்லா ஜீவன்களுக்கும் வாயாக இருந்தவரே' என்று இருந்தது. படிக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்த நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள், "யாரு எழுதின காயிதம்? பகிடியா?" என்று கேட்டாள். "சாவு நோட்டீஸ்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

வாயில்லா ஜீவன் என்றால் எங்கள் மைனா. அவளுக்கு நீங்கள் வாயாக இருந்த கதையைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

மைனா கறுப்பு நாய். வாயோரத்திலும் கால்களிலும் மட்டும் மஞ்சள். அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருந்தவர்கள் இந்தியாவுக்குப் போனபோது அடுப்படியில் விட்டுப்போன குட்டி. நான் எடுத்து வளர்த்தேன். அடுத்த காம்பராவில் நீங்கள், பெரியம்மா, தங்கச்சிமார் நாலு பேர். நடுவில் ஒரு சுவர்தான். உங்களுக்கு எப்போது இருமல் வரும், பெரியம்மாவை எப்போது திட்டுவீர்கள் என்று மைனாவுக்குக்கூடத் தெரியும். நீங்கள் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். நீங்கள் பேசினால் தேயிலை ஸ்டோரில் மிசின் ஓடும்போதும் கேட்கும் என்பார்கள். அது உங்கள் பேச்சுக்குப் பெருமை என்று நீங்கள் நினைத்தீர்கள். மிசினுக்கும் அந்தப் பெருமை உண்டு.

மேல் லயத்தில் ஒரு சின்னப் பிள்ளையை வெறிநாய் கடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை, லயத்தில் பொட்டை நாய் ஒன்றும் இருக்கக் கூடாது, சனிக்கிழமை காவல்காரர் துப்பாக்கியோடு வருவார் என்று சொல்லிவிட்டார். அதை வேண்டாம் என்று சொல்லத்தான் தலைவர் என்று ஒருவரை வைத்திருந்தோம். நீங்களோ மாரியம்மன் கோயில் முன்னால் நின்று அதை ஏதோ நீங்களே கேட்டு வாங்கிவந்த சலுகைபோல அறிவித்தீர்கள்.

"ஆம்பளை நாயி இருந்துட்டுப் போகட்டும். பொட்டை நாயாலதான் கூட்டம் சேருது, கூட்டத்தாலதான் வெறி வருது. தோட்டத்து மானம் இதுல இருக்கு!"

பிள்ளையைக் கடித்தது ஆண் நாய். எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "எங்க டீச்சரம்மா பேசறாங்க. எல்லாரும் கொப்பி பென்சில் எடுத்துக்கங்க" என்றீர்கள். கோயில் முன்னால் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்தால் உங்களுக்கு நியாயம் வந்த மாதிரி.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும், உடுப்பு மாற்றாமல், நேராகத் துரையின் ஒபீசுக்குப் போனேன். பயத்தில் சிங்களம் முழுக்க மறந்துபோனது. இருந்தாலும் தமிழைக் கலந்து சொன்னேன்: துரை பங்களாவில் இருப்பதும் பொட்டை நாய்தானே, அது எப்படி இருக்கலாம்? அவர் கோபப்படவில்லை. அதற்கு ஆபரேசன் செய்திருக்கிறது, இனிக் குட்டி போடாது, ஊசியும் போட்டிருக்கிறது என்றார். "அப்படிச் செய்தால் எங்கள் நாயும் இருக்கலாமா?" என்று கேட்டேன். "கமக் நே", பரவாயில்லை என்று கையை ஆட்டினார். மிருக வைத்தியர் எழுதித்தரும் துண்டு மட்டும் வேண்டும் என்றார். அவ்வளவுதான். கேட்டால் கிடைக்கிற ஒன்றைத் தலைவராகிய நீங்கள் கேட்கவே இல்லை.

நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்கார நானாதான் வைத்தியரிடம் கேட்டுவந்து சொன்னார்: செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டுவர வேண்டும். முதல் நாள் இரவிலிருந்து சாப்பாடு ஒன்றும் கொடுக்கக் கூடாது. பிறகு பல நாள் குளிப்பாட்ட முடியாது, முன்னாலேயே குளிப்பாட்டிக் காயவைத்துவிட வேண்டும். நான் அடுப்பில் வெந்நீர் வைத்து அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றீர்கள்.

"நாய்க்குக் கர்ப்பத்தடையா? அப்பிடியே கோழிக்கும் பண்ணிடு. முட்ட போடாம நிம்மதியா இருக்கும்."

அந்தப் பகிடி அன்று இரவுக்குள் எட்டு லயத்தையும் சுற்றிவந்தது. நீங்களே கொண்டுபோயிருப்பீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா கொழுந்துக் கூடைக்குள் சாக்கு விரித்து, மைனாவை உட்காரவைத்து, முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ரோட்டில் நீங்கள் நின்றீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு பழக்கம். இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறவர்களோ, ஆசுபத்திரிக்குப் போகிறவர்களோ, யார் தோட்டத்தை விட்டுக் கிளம்பினாலும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் நிற்பீர்கள். கையில் ஒரு பன் கொடுப்பீர்கள். "என் தோட்டத்துலருந்து யாரும் வெறும் வயித்தோட போனதில்ல" என்பீர்கள். கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். நீங்கள் பாலில் நனைத்த பன்னைக் கூடைக்குள் நீட்டினீர்கள். "வேணாம் பெரியப்பா, குடுக்கக் கூடாது!" என்று நான் கத்தினேன். மைனா ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தவள். ஒரே வாயில் முழுங்கிவிட்டாள். கூட்டம் கை தட்டியது.

"பசிச்ச வயித்தோட ஒரு உசுர அனுப்பச் சொல்லுதா ஒன்னோட புத்தகம்?" என்று கேட்டீர்கள், என்னை அல்ல, அவர்களை.

லொறி நானுஓயா தாண்டியதும் அப்பா மெதுவாகச் சொன்னார்: "டொக்டரு கேட்டா இல்லன்னு சொல்லிரும்மா. ஒரு பன்னுதானே. இன்னைக்கு விட்டா சனிக்கிழமைக்குள்ள முடியாது." அப்பாவுக்கு மைனாவைப் பற்றிய கவலை. எனக்கும்தான். ஆனால் எனக்குப் பொய் வராது. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று அந்த வயதில் தெரியவில்லை.

வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்தவர், கண்ணாடி போட்டவர். "சாப்பாடு ஏதும் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான், "ஒரு பன், சேர். பால்ல நனைச்சு" என்றேன்.

"வேண்டாம் எண்டு சொல்லி விட்டனான் அல்லே?"

"நாங்க குடுக்கல சேர். தோட்டத் தலைவர் வழியனுப்பினாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மயக்க மருந்து கொடுத்தால் வயிற்றில் இருப்பது மேலே வரும், சுவாசத்துக்குள் போகும், மேசையிலேயே செத்துப்போகும் என்று விளக்கினார். "நீர் உண்மையைச் சொன்னபடியால் நாய் தப்பிச்சுது. வியாழக்கிழமை கொண்டு வாங்கோ. வாயைக் கட்டிக்கொண்டு வாங்கோ. நாயின்ரை வாயை இல்லை, அந்தப் பெரிய மனிசன்ரை வாயை."

பெரியப்பா, அதைக் கேட்டு நானும் அப்பாவும் லொறி வரும்வரை சிரித்தோம். உங்களைப் பற்றி அப்பா சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு அவரே, "வெளிய சொல்லிராத, அண்ணனாச்சே" என்றார்.

வியாழக்கிழமை நீங்கள் பெரட்டுக் களத்தில் நின்று காலை வேலைக்குப் பேர் பதிகிறவர்களுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தேயிலைக்குள் இறங்கிக் குறுக்கு வழியாகப் போனோம். முதல் நாள் இரவு மைனாவைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, விடியும்வரை தண்ணீர் மட்டும் கொடுத்தேன். எங்கள் நாயைத் திருட்டுப் பொருளைப்போல் கொண்டுபோக வேண்டியிருந்தது, உங்கள் அன்புக்குப் பயந்து.

ஆபரேசன் முடியும்வரை அப்பா வெளியில் பீடி குடித்தார். நான் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் வைத்தியர் கைகளைக் கழுவிக்கொண்டே வந்து செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அதைப் பரீட்சைக்குச் செய்யுள் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தேன். மயக்கம் தெளியும்வரை குளிர் படக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாம், அனல் படக் கூடாது. முதலில் ஒரு வாய் தண்ணீர், வாந்தி வராவிட்டால் கொஞ்சம் கஞ்சி. துள்ளக் கூடாது, படி ஏறக் கூடாது, பாரம் இழுக்கக் கூடாது. தையல் நனையக் கூடாது. நக்க விடக் கூடாது, வயிற்றைச் சுற்றித் துணி கட்ட வேண்டும். தையல் சிவந்து வீங்கினாலோ மணத்தாலோ உடனே கொண்டுவர வேண்டும். பத்து நாள் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

"இது பெரிய ஆபரேசன், பிள்ளை. வெளியிலை சின்னத் தையல்தான் தெரியும். உள்ளுக்குப் பெரிய வேலை. லேசா நினைக்க வேண்டாம்" என்றும் சொன்னார்.

லொறியில் வெறும் மரக்கறிச் சாக்குகளுக்கு நடுவில், அப்பாவின் கம்பளிக்குள் மைனா கிடந்தாள். நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. மூச்சு வருகிறதா என்று என் புறங்கையை அவள் மூக்கடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

லயத்துக்கு வந்ததும் வைத்தியம் சொல்ல ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவர் தையலில் தேயிலைத் தூளை அப்பச் சொன்னார். ஒருவர் ஸ்டோர் மிசின் எண்ணெய் நல்லது என்றார். நீங்கள் எட்டிப் பார்த்து, "சாம்பல வச்சிக் கட்டுங்க. நாயிக்கு என்னா இது, கல்யாணப் பொண்ணு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு ஒருவரையும் உள்ளே விடவில்லை. எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அடுத்த நாள் தவணைப் பரீட்சை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போக வேண்டும். பத்து நாள் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு நான் எங்கே போவேன்? ஒரு துள்ளல், ஒரு நக்கல், தையல் பிரிந்தால் மைனா செத்துப்போவாள். துப்பாக்கியே தேவையில்லை.

அம்மாவுக்கு விளங்குவதற்காக, வைத்தியர் சொன்னதை ஒப்புவித்தேன். அப்போது பெரியம்மா கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். உங்களுக்குத் தெரியும், பெரியம்மா பேசுகிறவர் இல்லை. வீட்டுக்கு ஒருவர் பேசினால் போதும் என்று விட்டிருந்தார்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"பாரம் தூக்கக் கூடாதா?"

"இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது, பெரியம்மா."

"பத்து நாளா?"

"பத்து நாள்."

அவர் உள்ளே வந்து மைனாவின் பக்கத்தில் குந்தினார். வயிற்றில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்: "இதெல்லாம் நாய்க்கா சொன்னாங்க?"

கடைசித் தங்கச்சி பிறந்த பிறகு, தோட்டத்துப் பொம்பளைகளைக் கர்ப்பத்தடை ஆபரேசனுக்கு ஏற்றிக்கொண்டுபோன லொறி எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு ஆள் சேர்த்தது நீங்கள். 'எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்' என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னது நீங்கள். உங்களுக்கு எந்த எறும்பு கடித்ததோ தெரியாது. முன்மாதிரியாகப் பெரியம்மாவை முதலில் ஏற்றினீர்கள். ரோட்டில் நின்று பன் கொடுத்தீர்கள். தோட்டத்து மருந்துக்காரர் பத்து நாள் ஓய்வு என்றுதான் துண்டு கொடுத்தார். நாலாம் நாள் காலையில் பெரியம்மா கூடையோடு மலை ஏறினார். 'தலைவரு வூட்டுப் பொம்பளையே படுத்துக் கெடந்தா மத்தவங்க என்னா பேசுவாங்க?' என்று நீங்கள் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்டது. பெரட்டில் துரைக்கு முன்னால், "என் பொஞ்சாதி நாலாம் நாளே கூடையத் தூக்கிட்டா சார்" என்று சொன்னீர்கள். துரை உங்கள் தோளைத் தட்டினார். பெரியம்மாவின் கூடைக்கு உங்கள் தோளில் தட்டு.

"எனக்கும் அந்தப் பன்னைத்தான் குடுத்தாரு" என்றார் பெரியம்மா. "மேசையில எல்லாம் வாந்தி எடுத்தேன். நர்சம்மா கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்குப் பிறகும்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரட்டுத் தப்பு அடித்தபோது பெரியம்மா கூடையை எடுக்கவில்லை. பாயையும் கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எங்கள் காம்பராவுக்கு வந்தார். மைனாவுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள்.

"என்னா இது? பேரு போடப் போகலியா?"

"இல்லீங்க."

"நாயிக்காக வேலைய விட்டுட்டுப் படுத்திருக்கியா? வெளிய தெரிஞ்சா காறித் துப்புவானுங்க!"

"நாயிக்கு இல்லீங்க" என்றார் பெரியம்மா. குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஏழு நாளு பாக்கி இருக்கு. அதப் படுத்துக்கிறேன். படுத்த எடத்துலருந்து நாயையும் பாத்துக்கிறேன்."

கூட்டமில்லாத இடத்தில் உங்களுக்குப் பேச வராது என்று அன்று கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்து, "எல்லாம் நீ படிச்சிக் குடுத்த பாடம்" என்றீர்கள். நான் பரீட்சைக்குப் போய்விட்டேன். அன்று நீங்களே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டீர்களாம். அதைக் குடிக்க முடியாமல் கடைக்குப் போனீர்களாம். தங்கச்சி சொன்னாள்.

சனிக்கிழமை நடந்ததை எழுதும்போது இப்போதும் என் கை சூடாகிறது. காலையிலிருந்து மேல் லயப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மைனா காதை நிமிர்த்தினாள், எழும்பப் பார்த்தாள். பெரியம்மா கையை அவள் கழுத்தில் போட்டு அழுத்திக்கொண்டே இருந்தார். வைத்தியரின் துண்டை நான் வியாழக்கிழமை மாலையே ஒபீசில் காட்டியாகிவிட்டது. துரையும் சரி என்று சொல்லிவிட்டார். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே காவல்காரரை எங்கள் வாசலுக்குக் கூட்டிவந்தீர்கள். பின்னால் ஒரு கூட்டம்.

"துரை விட்டாலும் நான் விடமாட்டேன்!" என்றீர்கள், வழக்கமான குரலில். "தலைவரோட தம்பி வூட்டுக்கு ஒரு சட்டம், மத்தவனுக்கு ஒரு சட்டமா? என் குடும்பத்துல சலுகை கெடையாது. நாயக் கொண்டாங்க வெளிய!"

அப்பா வாசலில் நின்றார். உங்களை எதிர்த்து நின்று பழக்கமில்லாதவர். நான் துண்டு, துரை என்று ஏதோ சொன்னேன். உங்கள் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மற்றவர்களின் நாய்கள் செத்துக்கொண்டிருந்த நேரம். கூட்டத்தில் பாதிப் பேர் உங்கள் பக்கம். அவர்கள் கோபம் நியாயமானதுதான். அவர்களுக்காகவும் நீங்கள் துரையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

அப்போது உள்ளேயிருந்து பெரியம்மா பேசினார். எழும்பவில்லை. படுத்தபடியே.

"காவக்கார அண்ணே, எந்திரிச்சி வர முடியல, மன்னிச்சிருங்க. எனக்கும் இதுக்கும் ஒரே ஆபரேசன். ரெண்டு பேருக்கும் பத்து நாளு சொல்லியிருக்காங்க. அது முடிஞ்சதும் வாங்க. ரெண்டு பேரும் வெளிய வர்றோம்."

கூட்டத்தில் ஒரு பொம்பளை சிரித்தாள். அந்த லொறியில் போனவள். பிறகு இன்னொருத்தி. உங்களுக்குப் பிடித்த அந்தச் சிரிப்பு, பெரியப்பா, இந்தத் தடவை உங்களைப் பார்த்து வந்தது. காவல்காரர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, "பச்ச ஒடம்புக்காரங்க வூட்ல எனக்கு என்னா வேல, தலைவரே" என்று சொல்லி இறங்கிப் போனார். பேச்சை முடிக்க நீங்கள் ஒரு வரி தேடினீர்கள் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை.

பெரியம்மா தன்னுடைய ஏழு நாளையும் படுத்தார். மீதி நாட்களுக்கு எனக்குப் பள்ளிக்கூட லீவு விட்டிருந்தார்கள். மைனா ஒரு தடவைகூடத் தையலை நக்கவில்லை. வாய் திரும்பும்போதெல்லாம் பெரியம்மா கையை நீட்டினார், அவள் கையை நக்கினாள். பத்தாம் நாள் வைத்தியர் தையலைப் பிரித்துவிட்டு, "நல்லாப் பார்த்திருக்கிறியள். ஆர் பார்த்தது?" என்று கேட்டார். "இன்னொரு பேசண்ட், சேர்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதையும் எழுத வேண்டும். 'எங்க தோட்டத்துல முதல் முதலா நாயிக்கு ஆபரேசன் பண்ணிக் காப்பாத்தினது எங்க குடும்பம்' என்று பேசினீர்கள். துரையும் இருந்தார். தலையை ஆட்டினார். துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் அந்த வரி அங்கே பிறந்ததுதான். பெரியம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார்.

அதற்கு அடுத்த வருசம் உங்களுக்குக் குடலிறக்க ஆபரேசன் நடந்தது. உங்களுக்கு ரோட்டில் நின்று பன் கொடுக்க யாரும் வரவில்லை. ஒன்றரை மாதம் படுத்தீர்கள். தும்மினால் பெரியம்மாவைக் கூப்பிட்டீர்கள், திரும்பிப் படுக்கக் கூப்பிட்டீர்கள். அவர் மலைக்குப் போய் வந்து, ஈரத் துணியோடு உங்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்தார். விடுதியிலிருந்து லீவில் வந்திருந்த என்னை ஒரு நாள் நீங்கள் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, "அந்த நாயிக்கு டொக்டரு சொன்னதச் சொல்லு. பாரம் தூக்கப்படாதுன்னு ஒண்ணு வருமே" என்றீர்கள்.

முழுவதையும் ஒப்புவித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும், "பெரியம்மாவுக்கும் இதேதான் சொல்லியிருக்கணும், இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அது அந்தக் காலம்" என்றீர்கள்.

எந்தக் காலம், பெரியப்பா? ஒன்றரை வருசத்துக்கு முந்தியது.

அந்த நேரத்தில் மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் இந்த மடலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தலையணையைச் சரிசெய்யச் சொன்னீர்கள். நான் செய்தேன். மார்ச்சளியில் நீங்கள் போனபோது தோட்டமே அழுதது. நானும் அழுதேன், பெரியம்மா அழுததால். ஆனால் உங்கள்மேல் எனக்கு இருக்கும் இளக்காரம் குறையவில்லை. அதை நான் எங்கேயும் இறக்கிவைக்கப் போவதும் இல்லை. அது எனக்கு உதவுகிறது. இன்று சாயந்தரமும் உதவியது.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்து எங்களோடு தங்கிப் படிக்கும் பிள்ளை ஒருத்தி, குடல்வால் ஆபரேசன் முடிந்து நேற்றுத்தான் ஆசுபத்திரியிலிருந்து விடுதிக்குத் திரும்பினாள். இன்று தண்ணீர் அள்ளும் முறை அவளுக்கு. மேட்ரன், "சின்னத் தையல்தானே, ரெண்டு வாளி தூக்கினா ஒண்ணும் ஆகாது" என்றார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே வாளியை எடுக்கக் குனிந்தது. கை அடிவயிற்றுக்குப் போனது. நான் எழும்பிப் போய் வாளியை வாங்கிக்கொண்டேன். வெளியில் சின்னத் தையல்தான் தெரியும், உள்ளுக்குப் பெரிய வேலை என்று தொடங்கி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். படிக்கும் கூடத்தில் இருந்தவர்கள் கொப்பியை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்கள்.

மேட்ரன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நீ என்ன டொக்டரா?" என்றார்.

"இல்லீங்க மேட்ரன்" என்றேன். "நாய் வளர்த்தவ."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரைத் தண்ணீர் முறையிலிருந்து எடுத்துவிட்டு, என் பெயரைப் போட்டார். பத்து நாளைக்கு. எட்டு வாளி தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்துதான் இதை எழுதினேன். விளக்கை அணைத்துவிட்டார்கள், இந்தக் கடைசி வரியை விரலால் தாளைத் தடவிப் பார்த்து எழுதுகிறேன்.